கடனெல்லாம் கட்டி முடித்தாயிற்று, சிபில் மட்டும் ஏறவில்லை: எங்கே தொடங்குவது?

பவர்டேபிள்:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பவர்டேபிள் தையல் மெஷின்கள் போட்டு, பிறர் ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். 2021-இல் இரண்டாம் அலையில் ஆர்டர்கள் நின்றதும் ஒரு பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு மூன்றும் கழுத்தைப் பிடித்தன. லோனுக்கு, அந்த வருடம் ரிசர்வ் வங்கி அறிவித்த கொரோனா மறுசீரமைப்பில் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். ஒரு கார்டு பாக்கியை மாதத் தவணையாக மாற்றி முழுவதும் கட்டினேன். இன்னொரு கார்டை செட்டில்மென்ட்டில் முடித்தேன். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். கடைசித் தவணையும் முடிந்துவிட்டது. இன்று யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை.

ஓவர்லாக் மெஷின் இரண்டு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனேன். சிபில், அதாவது கடனை எப்படிக் கட்டினோம் என்பதற்குத் தருகிற மதிப்பெண், 640-க்குக் கீழே இருக்கிறது, அறிக்கையிலும் ‘செட்டில்டு’ என்று வருகிறது, இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தால், முடித்துவிட்ட பெர்சனல் லோனில் இன்னும் பாக்கி காட்டுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடனும் தேவைப்படும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்:
அதே நிலைமைதான் எனக்கும். செட்டில்மென்ட் போட்டு முடித்த கார்டு ஒன்று இருக்கிறது. இந்த இழையைத் தொடர்கிறேன்.

பழைய மேனேஜர்:
தம்பி, பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்த மதிப்பெண்ணை ஓரமாக வையுங்கள். அது 300 முதல் 900 வரை போகிற ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண் எதிலிருந்து வருகிறது என்பது அறிக்கையில் இருக்கிறது. அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தத் தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ‘சிபில்’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொருவரிடம் பார்க்கும். நான்கு பேரும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே எடுங்கள், நான்கையும் எடுங்கள். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வங்கியில் விண்ணப்பம் போட்டு அவர்கள் பார்ப்பதுதான் கணக்கில் ஏறும்.

உங்களுடைய மூன்று கடனும் மூன்று விதமானவை, ஒரே மருந்து சரிப்படாது.

பெர்சனல் லோனில் பாக்கி காட்டுவது வெறும் தப்பு. கடன் தந்தவர்கள் முடித்த விவரத்தை அனுப்பவில்லை. இது திருத்தக்கூடியது, முதலில் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

தவணையாக மாற்றி முழுவதும் கட்டிய கார்டு ‘குளோஸ்டு’ என்றும் பாக்கி சுழியம் என்றும் இருக்க வேண்டும். ஆனால் அதன் கீழே மாதவாரியாகச் சின்னக் கட்டங்கள் இருக்கும், 36 மாதத்துக்கு. 000 என்றால் அந்த மாதம் ஒழுங்காகக் கட்டியது. 030, 060, 090 மாதிரி எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். அது உண்மையாக நடந்தது என்றால் யாராலும் அழிக்க முடியாது. தாமதமே ஆகாத மாதத்தில் எண் இருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

செட்டில்மென்ட் ஆன கார்டு, அதுதான் கஷ்டமானது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மூடிய கணக்கில் புதிய கட்டம் எதுவும் சேராது. கடைசியாகத் தகவல் போன மாதத்தோடு அது அப்படியே நின்றுவிடும். ‘எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன், இனி எந்தக் கடனும் வேண்டாம், சும்மா இருந்தால் மதிப்பெண் தானாக ஏறும்’ என்று நினைத்து வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய தாமதம் பின்னால் போகப் போக அதன் பாரம் குறையும், அது சரி. ஆனால் நல்ல மாதங்கள் புதிதாகச் சேர வேண்டுமென்றால், ஓடுகிற கணக்கு ஒன்றாவது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் போதும்.

கணக்கப்பிள்ளை:
கோவையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேனேஜர் சார் சொன்ன முதல் வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்கிறேன்.

லோன் தந்த நிறுவனத்திடம் ‘பாக்கி இல்லை’ சான்றிதழ் வாங்கினீர்களா? நோ டியூஸ் அல்லது என்ஓசி என்பார்கள். அதில் கடன் எண், முடித்த தேதி, பாக்கி சுழியம் மூன்றும் இருக்க வேண்டும். ‘நன்றி, உங்கள் கணக்கு முடிந்தது’ என்று வரும் குறுஞ்செய்தி போதாது. கடைசித் தவணை போன வங்கிக் கணக்கு அறிக்கையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சிபில் தளத்தில் உள்ளே போய், அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, எந்த வரி தப்பு என்று குறித்து தகராறு பதிவு செய்யுங்கள். பாக்கித் தொகை, முடித்த தேதி, நிலை மூன்றுமே தப்பு என்றால் மூன்றையும் குறியுங்கள். அதே நாளில் கடன் தந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் சான்றிதழோடு எழுதுங்கள். சிபில் தானாக எதையும் மாற்றாது. கடன் தந்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் இரண்டு பக்கமும் தட்ட வேண்டும்.

2024 ஏப்ரல் 26 முதல் இதற்கு ஒரு பல் முளைத்திருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். திருத்திய விவரத்தை அனுப்ப வங்கிக்கு 21 நாள். அதில் தாமதித்தால் வங்கி தரும். வங்கி நேரத்தில் அனுப்பியும் திருத்தாமல் இருந்தால் தகவல் நிறுவனம் தரும். புகாரை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதினாலே பதில் வரும் வேகம் மாறுகிறது என்பதை எங்கள் வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பார்க்கிறேன்.

30 நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விழுப்புரம் செல்வி:
அண்ணா, குழுக்கடனும் இதில் வருமா? எங்கள் குழுவில் ஒரு அக்கா எல்லா வாரமும் கட்டி முடித்தார். வேறு நிறுவனத்தில் கடன் கேட்டால் உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறது என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட அட்டை அவரிடம் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
வரும் அக்கா. மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் சிஆர்ஐஎஃப் ஹை மார்க்கில்தான் பார்ப்பார்கள், அந்த அறிக்கையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். தவணை அட்டையின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துப் புகாரோடு சேருங்கள். அந்த அட்டை நல்ல ஆதாரம், அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆதாரில் இருக்கிற பெயரும் கடன் படிவத்தில் எழுதிய பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். கணவர் பெயர், இனிஷியல் மாறிப்போய் அடுத்தவர் கடன் வந்து ஒட்டிக்கொள்வது குழுக்கடனில் உண்டு.

நொய்யல்:
எனக்கு செட்டில்மென்ட் பற்றித்தான் தெரிய வேண்டும். தள்ளுபடி செய்த தொகையை இப்போது போய்க் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்த பணம். சட்டப்படி கணக்கு முடிந்துவிட்டது. அதை இப்போது ஏன் கட்ட வேண்டும்?

பழைய மேனேஜர்:
நொய்யல் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. சட்டப்படி நீங்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மிரட்டினால் அதையே புகாராக எழுதலாம். கட்டுவதா வேண்டாமா என்பது அடுத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது.

‘செட்டில்டு’ என்ற சொல் மதிப்பெண்ணைக் குறைப்பது ஒரு பக்கம். வீட்டுக் கடன் கோப்பு மேசைக்கு வரும்போது அதிகாரி மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. நான் உட்கார்ந்திருந்த மேசையிலும், மதிப்பெண் 740 இருந்தாலும் ‘செட்டில்டு’ என்று ஒரு வரி இருந்தால் விளக்கம் கேட்டு எழுதுவோம். தொகை பெரிதாக இருந்தால் மேலிடம் ஒப்புக்கொள்ளாது. கடன் தகவல் நிறுவனங்கள் விவரத்தைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆக அந்த வரி சீக்கிரம் மறையாது.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். சமரசத் தீர்வு, அதாவது செட்டில்மென்ட், செய்துகொண்டவருக்கு மீண்டும் கடன் தருவதற்குமுன் குறைந்தது 12 மாதம் இடைவெளி வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது. விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு. ஒவ்வொரு வங்கியும் இதைவிட அதிகமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்து இது: தள்ளுபடித் தொகை உங்களால் தாங்கக்கூடியது, இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் நிச்சயம் வேண்டும் என்றால், கட்டி ‘குளோஸ்டு’ ஆக்குவது நல்லது. தொகை லட்சக்கணக்கில் இருக்கிறது, பெரிய கடன் எதுவும் உடனே தேவையில்லை என்றால் அந்தப் பணத்தைத் தொழிலில் போடுங்கள்.

கட்டுவதாக இருந்தால் தொலைபேசிப் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முதலில் வங்கியின் கடிதத் தலைப்பில், இவ்வளவு கட்டினால் பாக்கி எதுவும் இல்லை, கணக்கு ‘குளோஸ்டு’ என்று நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம் என்று எழுதி வாங்குங்கள். பணம் அந்தக் கார்டு கணக்குக்கே போக வேண்டும். வசூல் ஆளின் பெயரிலோ யாருடைய யுபிஐ எண்ணிலோ அல்ல. சில கார்டு பாக்கிகளைச் சொத்துச் சீரமைப்பு நிறுவனங்களுக்கு (வராக் கடனை வாங்கி வசூலிப்பவை) விற்றுவிட்டிருப்பார்கள். அப்படியென்றால் பேச வேண்டியது அந்த நிறுவனத்திடம், வங்கியிடம் இல்லை. அறிக்கையில் ‘அக்கவுன்ட் சோல்டு’ என்று இருக்கிறதா பாருங்கள்.

நொய்யல்:
சரி சார். என் தொகை பெரியது, சொந்த வீடு இருக்கிறது. நான் கட்டப்போவதில்லை. ஆனால் எழுதி வாங்காமல் கட்டக்கூடாது என்பது தெரியாது, நன்றி.

பவர்டேபிள்:
எனக்குத் தள்ளுபடி ஆனது இருபதாயிரத்துக்குள்தான். வீடு கட்டாயம் வேண்டும், அதனால் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. முதலில் கடிதம் கேட்டு எழுதுகிறேன். ஓடுகிற கணக்கு வேண்டும் என்றீர்களே, யாரும் கார்டு தர மாட்டார்களே சார்?

மல்லிகை மதுரை:
தம்பி, நகைக்கடன் வையுங்கள். அதற்கு யாரும் சிபில் பார்த்துப் பயப்படுவதில்லை. வங்கியில் வைத்த நகைக்கடனும் அறிக்கையில் வருகிறது. நேரத்துக்குத் திருப்பினால் நல்ல பெயர்தான்.

பழைய மேனேஜர்:
மல்லிகை அம்மா சொல்வது சரி, ஒரு திருத்தத்தோடு. வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிற நகைக்கடனில் மாதாமாதம் நீங்கள் ஒழுங்காகக் கட்டியதைக் காட்ட வழியில்லை. மாதத் தவணையில் எடுத்தால் அந்தக் கட்டங்கள் நிரம்பும். தேதி தவறினால் நகைக்கடனிலும் தாமத நாள் ஏறும். ‘நகைதான் அங்கே இருக்கிறதே, மெதுவாகத் திருப்பிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில்தான் பலருக்கும் அடி விழுகிறது. தெரு முனை அடகுக் கடையில் வைத்தால் அது எந்த அறிக்கையிலும் வராது.

என்னைக் கேட்டால் வைப்புத்தொகை கார்டு இன்னும் எளிது. ஒரு எஃப்டி போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு. சில வங்கிகளில் 20,000 ரூபாய் போட்டாலே தருகிறார்கள். வைப்பில் முக்கால் பங்கு முதல் முழுவதும் வரை வரம்பு கிடைக்கும், எஃப்டிக்கு வட்டியும் ஓடும். நீங்கள் கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பழைய வரலாற்றை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அறிக்கையில் இதுவும் கிரெடிட் கார்டாகவே ஏறும்.

வாங்கிய பிறகு அதில் ஒரே ஒரு செலவை மட்டும் வையுங்கள். பவர்டேபிள் கூடத்துக் கரண்ட் பில், அல்லது போன் ரீசார்ஜ். 20,000 வரம்பு என்றால் 6,000-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. பில் வந்ததும் ‘டோட்டல் டியூ’ என்று போட்டிருக்கிற முழுத் தொகையையும் கட்டுங்கள். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் தாமதம் என்று ஏறாது, ஆனால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 42. இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே வந்தவர் மறுபடி அங்கே போகக் கூடாது. அந்தக் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி.

கணக்கப்பிள்ளை:
ஒரு சின்ன நுணுக்கம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு இரண்டு முறையாவது நிலவரத்தை அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒரு முறைதான். அதனால் நல்லதும் கெட்டதும் சீக்கிரம் தெரிகிறது. ஒரு மாதம் கூடுதலாகச் செலவாகிவிட்டால், பில் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் அறிக்கைக்குப் போகும் தொகையும் குறையும்.

ஸ்காபரோ தமிழன்:
நான் கனடாவில் இருக்கிறேன். எங்கட ஆக்களும் நிறையப்பேர் ‘கன்ஸ்யூமர் புரொப்போசல்’ (கடனில் ஒரு பகுதியைக் கட்டி முடிக்கிற சட்டப்படியான ஒப்பந்தம்) போட்டு, கூடினது ஐந்து வருசத்தில் கட்டி முடிக்கிறார்கள். இங்கே ஈக்விஃபேக்ஸில் அது முடித்த நாளிலிருந்து மூன்று வருசம், அல்லது கையெழுத்து வைத்த நாளிலிருந்து ஆறு வருசம், எது முதல் வருகுதோ அதோடு எடுபட்டுவிடும். அதுக்குள்ள எல்லாரும் செய்யிறது நீங்கள் சொன்னதுதான்: காசு வைப்பிலிட்டு ஒரு கார்டு எடுத்து, மாசம் மாசம் முழுக்கக் கட்டுறது.

தேர்வுக்காலம்:
வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆப்பில் எடுத்த சின்னக் கடன்கள் இரண்டு தாமதமாக முடித்தேன். வேலைக்கு இது தடையாகுமா?

பழைய மேனேஜர்:
வங்கித் தேர்வு அறிவிக்கையிலேயே, சேரும்போது கடன் வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இப்போதே அறிக்கையை எடுத்து இரண்டும் முடிந்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பில் 3,000, 5,000 என்று எடுப்பது ஒவ்வொன்றும் தனித்தனி பெர்சனல் லோனாக ஏறும். பாக்கி இல்லை என்ற சான்றிதழை இப்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த ஆப் நாளைக்கு இல்லாமல் போனால் கேட்க ஆள் இருக்காது.

பவர்டேபிள்:
இரண்டு கேள்வி. ஒருவர் பல்லடம் ரோட்டில் ஆபீஸ் வைத்து, பணம் கொடுத்தால் சிபிலை 750 ஆக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொன்று, மச்சான் டிராக்டர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். முடியாது என்றால் வீட்டில் வருத்தப்படுவார்கள்.

கணக்கப்பிள்ளை:
முதல் ஆளிடம் போகாதீர்கள். தப்பான வரியைத் திருத்துவது இலவசம், நீங்களே செய்யலாம். உண்மையான வரியை யாராலும் எடுக்க முடியாது. அவர் உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு, கண்ணில் பட்ட எல்லாக் கணக்கையும் ‘என்னுடையது இல்லை’ என்று தகராறு போடுவார். எல்லாம் நிராகரிக்கப்படும், பணம் போகும். உங்கள் ஓடிபி வைத்து வேறு எங்கே என்ன விண்ணப்பிக்கிறார் என்பதும் தெரியாது.

பழைய மேனேஜர்:
ஜாமீன் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இப்போது வேண்டாம். ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். மச்சான் ஒரு தவணை தள்ளினாலும் உங்கள் மேல் விழும். அறுவடை பார்த்துக் கட்டுகிறவர் என்றால் தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். வீட்டில் உண்மையையே சொல்லுங்கள்: ‘என் பெயர் இன்னும் சரியாகவில்லை, என் கையெழுத்து இருந்தால் உங்கள் லோனுக்கே தடங்கல்.’ அது பொய்யும் இல்லை. குறைந்த மதிப்பெண் உள்ள ஜாமீன்தாரரை வங்கியும் விரும்பாது.

மல்லிகை மதுரை:
தங்கச்சியிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள் தம்பி. மச்சான் காதுக்கு வேறு யார் வழியாகவாவது போனால்தான் பேச்சு வளரும்.

பவர்டேபிள்:
வந்த விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பெர்சனல் லோன் பாக்கி திருத்தப்பட்டு, சிபிலிலும் எக்ஸ்பீரியனிலும் ‘குளோஸ்டு’ வந்துவிட்டது. முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. 100 ரூபாய் விதியைக் குறிப்பிட்டு இரண்டாவது எழுதியதும் கிளையிலிருந்தே கூப்பிட்டார்கள். ஹை மார்க்கில் இன்னும் மாறவில்லை, அங்கே தனியாகப் போட்டிருக்கிறேன். செட்டில்மென்ட் கார்டுக்குக் கடிதம் வந்தது, ஆனால் அதில் ‘பாக்கி இல்லை’ என்று மட்டும் இருக்கிறது, ‘குளோஸ்டு’ என்று தெரிவிப்போம் என்ற வரி இல்லை. எஃப்டி கார்டு கைக்கு வந்துவிட்டது. தங்கச்சியிடமும் பேசிவிட்டேன். மெஷினுக்கு இப்போதே வேறு வங்கியில் கேட்டுப் பார்க்கலாமா?

பழைய மேனேஜர்:
அந்த வரி இல்லாமல் கட்ட வேண்டாம். அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பி, அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். தர மறுத்தால் மறுப்பையாவது மின்னஞ்சலில் வாங்குங்கள், ஓம்புட்ஸ்மேனிடம் போக அது உதவும்.

மெஷினுக்கு இப்போது கேட்க வேண்டாம். ஒரே மாதத்தில் நான்கு வங்கி உங்கள் அறிக்கையைப் பார்த்தால், பணத்துக்கு அலைகிறார் என்றுதான் ஐந்தாவது வங்கி படிக்கும். எஃப்டி கார்டில் ஆறு மாதமாவது ஓடட்டும். செட்டில்மென்ட் முடிந்து 12 மாதமும் தாண்டட்டும். அதற்குப் பிறகு, உங்கள் ஜாப் ஒர்க் பணம் வந்து போகிற கரன்ட் அக்கவுன்ட் எங்கே இருக்கிறதோ அந்தக் கிளைக்கே போங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஒரு வருடக் கணக்கு அறிக்கை, பாக்கி இல்லை சான்றிதழ்கள் மூன்று, 2021-இல் என்ன நடந்தது என்று அரைப் பக்கத்தில் ஒரு கடிதம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுங்கள். விண்ணப்பம் போடும் முன் மேலாளரிடம் பேசி, அவர் தரும் நிலையில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மெஷினுக்குப் பதில் ஒன்றுக்குக் கேட்டால் கிடைப்பதும் எளிது. அந்தத் தவணையும் ஒழுங்காகப் போனால் வீட்டுக் கடனுக்கு அதுவே பேசும்.

பவர்டேபிள்:
சரிங்க ஐயா. கடிதத்தை இன்றே திருப்பி அனுப்புகிறேன். கார்டுக்கு ஆட்டோ பே போடும்போது ‘மினிமம்’ என்றுதான் முதலில் டிக் ஆகி வந்தது, ‘டோட்டல்’ என்று மாற்றிவிட்டேன்.

கணக்கப்பிள்ளை:
நல்லது. அப்படி டிக் ஆகி வருவதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். பில் தேதிக்கு அடுத்த வாரம் ஒருமுறை கணக்கில் போதிய பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டோ பே திரும்பினால் அபராதமும் விழும். ஹை மார்க் பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், செல்வி அக்காவுக்கும் பயன்படும்.